இமை வைத்த மீன்

குருநகர்,
14.09.2024

அன்பான றஜனிச் சித்திக்கு,

ஆண்டவர் துணையால் நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் மட்டும் கடலுக்குப் போகும் நாளில் நோகாது, வீட்டில் நிற்கும் நாளில் நோகும்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். நீங்கள் போன் எடுத்ததும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். உடனே மரியநாயகி அன்ரி வேலிக்கு மேலால் எட்டி, "றஜனி, அங்கை குளிரோடி?" என்று கத்துகிறார். அதற்குள் நான் கேட்க நினைத்தது தொலைந்துவிடுகிறது.

எங்கள் பாடசாலை மலருக்குக் கட்டுரைகள் கேட்டிருக்கிறார்கள். செல்வநாயகம் சேர்தான் பொறுப்பு. எல்லோரும் சிறுவர் உரிமை, சூழல் மாசு என்று எழுதுகிறார்கள். நான் வெளிநாட்டில் உள்ள ஒரு தமிழ்ப் பள்ளியைப் போய்ப் பார்த்ததுபோல் எழுத விரும்புகிறேன். ஆனால் நான் பஸ்ஸில் போன ஆகக் கூடிய தூரம் கொடிகாமம். ஆகவே உங்கள் கண்களை எனக்கு இரவல் தருவீர்களா? சனிக்கிழமைகளில் அங்கே தமிழ் வகுப்பு ஏதும் நடந்தால் ஒருநாள் பார்த்து எழுதுங்கள்.

"ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்திலைதான் வேலை" என்று நீங்கள் சொன்னதிலிருந்து அம்மா எங்கள் ஒழுங்கையில் வீடுவீடாக, "என்ரை தங்கச்சி பிரான்ஸிலையும் ரீச்சர்தான்" என்று சொல்லித் திரிகிறார். கோவிலடி முன்பள்ளியில் உங்களிடம் எழுத்துப் படித்தவர்கள் இன்னும் உங்களை றஜனி ரீச்சர் என்றுதான் சொல்கிறார்கள். நாங்கள் 'அ' என்றால் அறக்குளா, 'இ' என்றால் இறால், 'ஓ' என்றால் ஓரா என்று மீன் பெயர்களில் எழுத்துப் படித்தவர்கள் அல்லவா? முதலாம் வகுப்பில் 'அ – அம்மா' என்று கண்டபோது யாரோ பிழையாக அச்சடித்துவிட்டார்கள் என்று நான் அழுதேனாம்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஜெசிதா


பாரிஸ் புறநகர்,
12.10.2024

என் செல்ல மகள் ஜெசிதாவுக்கு,

உன் எழுத்தைக் கண்டதும் எனக்கு வயிறு நிறைந்தது. நான் நல்ல சுகம். அப்பாவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசச் சொல்லு.

நீ கேட்டது தூரத்தில் இல்லை. நான் வேலை செய்யும் கட்டடத்திலேயே, நிலத்துக்குக் கீழே உள்ள தளத்தில், சனி பின்னேரம் தமிழ் வகுப்பு நடக்கிறது. காசு வாங்குவதில்லை. பிள்ளைகளின் தகப்பன்மார் கடைகளில் கோப்பை கழுவுகிறவர்கள், தாய்மார் ஹோட்டல் அறை துப்புரவாக்குகிறவர்கள். துஷாந்தினி என்ற பிள்ளை சொல்லிக்கொடுக்கிறாள். யூனிவேர்சிட்டியில் படித்துக்கொண்டே வருகிறாளாம்.

அறையில் ஜன்னல் உச்சியில்தான் உள்ளது. அதால் தெருவில் போகிறவர்களின் சப்பாத்து மட்டும் தெரியும். கதிரைகள் பெரியவர்களுக்கானவை. பிள்ளைகளின் கால் நிலத்தில் படாது. அதனால்தான் கதிரைக் கால்களில் சப்பாத்து உதைத்த கறுப்புக் கோடுகள். கதிரைகளைச் சுற்றி பிஸ்கற் தூள் வட்டமாகக் கிடக்கும். பென்சில் சீவிய தூளை மேசைக்குக் கீழே ஒளிக்கிறார்கள். மூன்று பேருக்கு ஒரு புத்தகம். நடுவில் இருக்கிறவரின் பக்கம்தான் மட்டை கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது. கரும்பலகையில் 'அ – அம்மா' என்று வடிவாக எழுதியிருந்தது.

இது உன் கட்டுரைக்குப் போதும்தானே?

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பைச் சொல்லு.
உன் சித்தி, றஜனி


குருநகர்,
03.11.2024

அன்புச் சித்திக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. மழை பிடித்துவிட்டது. அப்பா கிழிந்த வலையைப் பொத்துகிறார். மற்றப்படி நாங்கள் நலம். அந்தக் குளிரில் உங்களுக்குத் தடிமன் வரவில்லையா?

ஜன்னலில் சப்பாத்து மட்டும் தெரியும் என்பதை நான் மூன்று பேருக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். கட்டுரையின் முதல் பக்கத்தை எழுதி சேரிடம் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுச் சொன்னார்:

"வடிவாய் எழுதியிருக்கிறாய் பிள்ளை. ஆனால் உந்தப் பள்ளிக்கூடத்திலை ஒரு பிள்ளையையும் காணேல்லையே? எல்லாரும் எங்கை போட்டினம்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்ப உங்கள் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். சேர் சொன்னது சரி. கதிரை இருக்கிறது, தூள் இருக்கிறது, பிள்ளைகள் இல்லை. அவர்கள் என்ன கதைக்கிறார்கள்? சண்டை பிடித்தால் எந்த மொழியில் ஏசுகிறார்கள்? பாடத்தில் யார் குழப்படி? அடுத்த முறை அவர்கள் இருக்கும் நேரம் கொஞ்சம் நின்று கேட்டுப் பாருங்கள் சித்தி.

ஆவலோடு,
ஜெசிதா


பாரிஸ் புறநகர்,
01.12.2024

அன்பு மகளுக்கு,

பிந்தி எழுதுவதற்குக் கோபிக்காதே. வேலை கூடிவிட்டது. குளிரில் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. வேறு குறை இல்லை.

பிள்ளைகளோடு நின்று கதைக்க நேரம் சரிவரவில்லை. ஆனால் ஒரு பகிடி நடந்தது. போன மாதம் யாரோ அந்தக் கரும்பலகையின் மூலையில் ஒரு மீன் கீறி, பக்கத்தில் 'அ – அறக்குளா' என்று எழுதிவிட்டு அழிக்காமல் போய்விட்டார்கள். அடுத்த கிழமை பார்த்தால் அதற்குக் கீழே பிள்ளைகளின் எழுத்து: 'இது என்ன மீன்? நீங்கள் யார்?' பக்கத்தில் கூரான பல்லோடு ஒரு சுறாவும் கீறியிருந்தார்கள். சுறாவுக்குத் தொப்பி.

அந்த யாரோ ஒரு ஆள் இப்போது இறாலும் கீறி வைத்திருக்கிறார். துஷாந்தினியும் அழிக்காமல் விட்டிருக்கிறாள்.

இதைப் போனில் கேளாதே. எழுது.

நத்தாருக்கு என்ன பலகாரம்?
சித்தி


குருநகர்,
22.12.2024

அன்புச் சித்திக்கு,

பாலன் பிறப்பு வாழ்த்துகள். பயற்றம் பணியாரமும் கொக்கிசும் சுட்டாயிற்று. அம்மா கொக்கிசு அச்சைத் தேடி வீட்டைப் பிரட்டிப் போட்டு, கடைசியில் அது மரியநாயகி அன்ரி வீட்டில் போன வருடத்திலிருந்து கிடந்தது தெரியவந்தது. "நானே உனக்குத் தாறன் எண்டு சொல்லி வைச்சிருந்தனான்" என்றார் அன்ரி. அம்மா, "ஓம், அடுத்த நத்தாருக்கு" என்றார்.

உங்கள் கடிதத்தை சேரிடம் காட்டவில்லை. அம்மாவிடமும் காட்டவில்லை. நான் மட்டும் வாசித்தேன்.

முன்பள்ளியில் நீங்கள் கீறும் மீன்களுக்கெல்லாம் நீண்ட இமை இருக்கும். ஒருநாள் அப்பா என்னைக் கூட்டிப்போக வந்து அதைக் கண்டுவிட்டு, "றஜனி, மீனுக்கு எங்கையடி இமை? நான் இத்தனை வருசம் பிடிக்கிறன், ஒண்டும் எனக்குக் கண்ணடிக்கேல்லை" என்றார். நீங்கள், "உங்களைக் கண்டால் ஆர் அத்தான் கண்ணடிக்கிறது?" என்றீர்கள். அம்மா இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரே ஒரு கேள்வி. அந்தப் பலகையில் இருந்த அறக்குளாவுக்கு இமை இருந்ததா?

குளிருக்குக் கவனம்.
ஜெசிதா


குருநகர்,
09.02.2025

அன்புச் சித்திக்கு,

நீங்கள் நலமா? தை மாதம் முழுக்கத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் இப்போது எங்கள் ஒழுங்கையில் திரும்பும்போதே தலையை ஆட்டிவிடுகிறார். போனில் அம்மாவிடம் குளிரைப் பற்றி மட்டும் சொன்னீர்கள். நான் போனை வாங்குவதற்குள் வைத்துவிட்டீர்கள்.

கேட்கக் கூடாததை நான் கேட்டிருந்தால் மன்னியுங்கள். சேர் எனக்கு ஆவணி மாதம் வரைக்கும் தவணை தந்திருக்கிறார். ஆனால் உங்களுக்கு விருப்பமில்லை என்றால் அந்தக் கட்டுரையை எழுதாமல் விடுவேன். கணவாய் மீனைப் பற்றி எழுதலாம். கணவாய்க்கு மூன்று இதயம் என்று நூலகத்தில் வாசித்தேன். அப்பா நம்பவில்லை. "வெட்டேக்கை ஒண்டையும் காணேல்லையே" என்கிறார்.

கட்டுரை இல்லாவிட்டாலும் கடிதம் எழுதுங்கள்.

உங்கள்
ஜெசிதா


பாரிஸ் புறநகர்,
02.03.2025

என் அருமை மகளுக்கு,

சுகமாக இருக்கிறேன். உன்னில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கணவாயை அதன் இதயங்களோடு விட்டுவிடு.

இமை இருந்தது.

பலகைப் பேச்சு இப்போது 'க' வரைக்கும் வந்துவிட்டது. போன சனி 'க' என்று எழுதி வெறுமனே விட்டிருந்தார்கள், மீன் கீறுகிறவர் கணவாய் கீற வேண்டுமாம். கீழே ஒரு பிள்ளை, 'பத்துக் காலும் வேணும்' என்று எழுதியிருக்கிறது.

ஆனால் ஒரு கவலை. துஷாந்தினிக்குப் பயிற்சி வேலை வேறு நகரத்தில் கிடைத்திருக்கிறது. சித்திரை மாதத்துக்குப் பிறகு வர முடியாதாம். பெரிய பிள்ளைகளை வேறு ஒரு வகுப்பில் சேர்க்கலாமாம். சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கு ஆள் கிடைக்காவிட்டால் அது நின்றுவிடும். தாய் தகப்பன் சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்கள், தூர வகுப்புக்குக் கூட்டிப்போக ஆளில்லை.

கதவில் துஷாந்தினி ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். 'மீன் கீறுகிறவர் தயவுசெய்து ஒருநாள் வகுப்பு நேரத்தில் வரவும். உங்களைத் தேடுகிறோம்.'

அந்த ஆள் வருவாரோ தெரியாது. அந்த ஆளுக்கு அங்கே வேறு வேலை. பிள்ளைகள் போன பிறகுதான் அந்த ஆள் வருகிறது. ரீச்சர் என்று நினைத்து மரியாதையாகத் தேடுகிற பிள்ளைகள், ஆளைக் கண்டால் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்கலாம் அல்லவா?

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லு.
சித்தி


குருநகர்,
23.03.2025

அன்புச் சித்திக்கு,

தவக்காலம். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்குப் போகிறோம். எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்கும் சேர்த்துச் செபித்தேன்.

இத்துடன் ஒரு சின்னக் கடிதம் வைத்திருக்கிறேன். அது உங்களுக்கு அல்ல. அந்தக் கட்டடத்தில் எப்போதாவது கண்டால் கொடுத்துவிடுங்கள்.

ஜெசிதா

*

மீன் கீறுகிறவருக்கு வணக்கம்.

உங்களை எனக்குத் தெரியாது. உங்கள் மீன்களைத் தெரியும். நான் குருநகரில் தரம் பத்தில் படிக்கிறேன்.

எங்கள் கோவிலடி முன்பள்ளியில் முதலில் கரும்பலகை இருக்கவில்லை. முற்றத்து மணலில்தான் எழுதுவோம். காலையில் போனதும் எங்கள் ரீச்சர் விளக்குமாற்றை எடுப்பார். இலையும் கோழிக்கால் தடமும் கிடந்தால் எழுத்து விளங்காது என்று அந்த மணலைத் தண்ணீர்போல மட்டமாகக் கூட்டுவார். நாங்களும் எங்கள் உயரத்துக்கு வெட்டிய விளக்குமாறுகளோடு பின்னால் போவோம். கூட்டி முடிந்ததும் ரீச்சர் அந்த விளக்குமாற்றிலிருந்தே ஒரு ஈர்க்கை உருவி, முதல் மீனைக் கீறுவார்.

கூட்டுகிறவர் யார், சொல்லிக்கொடுக்கிறவர் யார் என்று எங்களுக்கு இரண்டு பேர் தெரிந்ததில்லை. ஒரு ஆள்தான். அதனால் கேட்கிறேன், கணவாய்க்கு எத்தனை கால் என்று அந்தப் பிள்ளைகளுக்கு நேரே போய்ச் சொன்னால் என்ன?

உண்மையில் பத்துத்தான். அந்தப் பிள்ளை சரி.

உங்கள் மீன்களின் பழைய மாணவி ஒருத்தி


பாரிஸ் புறநகர்,
27.04.2025

என் தங்கப் பிள்ளைக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் எல்லோருக்கும். நான் சுகம். மிகச் சுகம்.

உன் கடிதத்தை அந்த ஆளிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மேசையில் வைத்தார், பிறகு எடுத்து இன்னொரு தரம் வாசித்தார்.

சரி, இனி நீ கேட்ட பிள்ளைகளைச் சொல்கிறேன். நேற்று வகுப்பு நேரத்தில் உள்ளே இருந்தேன். சத்தம் என்றால் நம்முடைய மீன் சந்தை ஏலம் தோற்றுவிடும். சண்டை பிடிப்பது பிரெஞ்சில், முறைப்பாடு சொல்வது தமிழில். உன் கேள்விக்கு அதுதான் விடை. ஆரணி என்று ஒரு பிள்ளை, எட்டு வயது, முன்பல் இரண்டும் இல்லை. கதவால் உள்ளே வந்தவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நீங்களோ மீன் ஆள்?"

"ஓம்."

"ஏன் இவ்வளவு நாளும் ஒளிச்சிருந்தனீங்கள்?"

"வேலை இருந்தது பிள்ளை."

"எங்கடை அம்மாவுக்கும் எந்த நாளும் வேலைதான். ஆனால் அவ ஒளிக்கிறேல்லை."

துஷாந்தினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குள் ஒருவன் ஓரா கடிக்குமா என்று கேட்டான். கடிக்காது, முள்ளுக் குத்தினால் கடுக்கும் என்றதும் எல்லோரும் கையை மறைத்தார்கள். கதிரையைத் தள்ளிவிட்டு நிலத்தில் இருத்தினோம். இப்போது எல்லோருடைய காலும் நிலத்தில் படுகிறது.

நான் எழுதுவது உனக்கு விளங்கும்.

உன் சித்தி


பாரிஸ் புறநகர்,
25.05.2025

அன்புள்ள ஜெசிதா அக்காவுக்கு,

நான் ஆரணி. நான் சுகம். நீங்கள் சுகமா? உங்கள் மீன்கள் சுகமா?

ரீச்சர் எங்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னா. நான் ரீச்சரிடம் விலாசம் கேட்டு உங்களுக்கு எழுதுகிறேன். எங்கள் புது ரீச்சர் றஜனி ரீச்சர். துஷாந்தினி அக்கா போய்விட்டா. நாங்கள் அழுதோம். பிறகு திருக்கை கீறினோம்.

ரீச்சருக்கு இரண்டு வேலை. வகுப்பு முடிய ரீச்சர் இந்தக் கட்டடம் முழுக்கக் கூட்டித் துடைப்பா. மேல் மாடியும். அதனால் நாங்களும் எங்கள் அறையைக் கூட்டுவோம். எனக்குக் கதவுப் பக்கம். இனிப் பென்சில் தூளை மேசைக்குக் கீழே போட முடியாது. நான்தான் கூட்ட வேண்டும். எங்கள் அம்மா வந்து பார்த்துவிட்டு, "வீட்டிலை ஒரு தும்பையும் தூக்காள், இஞ்சை கூட்டிறாள்" என்று ரீச்சரிடம் சொன்னா.

அக்கா, நீங்கள் உண்மையான அறக்குளா கண்டீர்களா? அதுக்கு இமை இருக்குமா? அண்ணா இல்லை என்கிறான்.

முத்தங்கள்,
ஆரணி


குருநகர்,
22.06.2025

அன்புச் சித்திக்கு,

நலம்தானே? இங்கே கச்சான் காற்று. ஒழுங்கைப் புழுதி எல்லாம் எங்கள் சோற்றுக்குள்தான்.

ஒரு விடயம் சொல்ல வேண்டும். நான் பாடசாலையில் இருந்த நேரம் ஆரணியின் கடிதம் வந்தது. உறையின் பின்னால் மீன் கீறியிருந்ததால் அம்மா ஆசைப்பட்டு உடைத்துவிட்டார். நான் வரும்போது வேலியடியில் நின்று மரியநாயகி அன்ரிக்குப் பெருமையாக வாசித்துக்கொண்டிருந்தார். 'ரீச்சருக்கு இரண்டு வேலை' என்பது வரைக்கும் ஒழுங்கை முழுவதும் கேட்டது. பிறகு குரல் நின்றுவிட்டது.

"என்னடி றோஸ், நிப்பாட்டிப்போட்டாய்?" என்றார் அன்ரி.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு கடிதத்தைப் பார்த்தார். தொண்டையைச் செருமிவிட்டு, முந்தியதைவிடப் பெலத்து மிச்சத்தை வாசித்தார். கட்டடம் முழுக்கக் கூட்டுவதையும், மேல் மாடியையும், ஒன்றையும் விடவில்லை.

அன்ரி வேலிக்கு மேலால் கடிதத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, "பின்னை? இஞ்சையும் அவள் முதல் விளக்குமாறு தானே எடுக்கிறவள்" என்றார். சித்தி, அவர் கொக்கிசு அச்சைத் திருப்பித் தராமல் வைத்திருந்ததை நான் மன்னித்துவிட்டேன்.

உள்ளே வந்ததும் அம்மா கேட்டார்:

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"மேசைக்குக் கீழை கிடந்த பென்சில் தூள் தொடக்கம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சித்தி எனக்கும் சொல்லேல்லையே அம்மா."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். அழப் போகிறார் என்று நினைத்துப் பின்னால் போனேன். அவர் காய்ந்த தென்னோலையை இழுத்துப் போட்டு ஈர்க்குக் கிழிக்கத் தொடங்கியிருந்தார். "உவள் அங்கை என்னத்தாலை கூட்டிறாளோ" என்று தனக்குள் புறுபுறுத்தார். எங்கள் ஒழுங்கை அருட்பிரகாசம் மாமா அடுத்த மாதம் பிரான்ஸுக்கு மகனிடம் வருகிறாராம். அவரிடம் அம்மா ஒரு விளக்குமாறு கட்டிக் கொடுத்துவிடப் போகிறார். மாமா, "அக்கா, விளக்குமாற்றை பிளேனிலை ஏத்துவினமோ?" என்று கேட்டார். "ஏத்தாட்டில் நீயும் ஏறாதை" என்று அம்மா சொல்லிவிட்டார்.

இனி என் கேள்வி. கட்டுரையில் நான் எதை எழுதலாம், எதை விடலாம்? நீங்கள் சொல்வதுதான். வேண்டாம் என்றால் கணவாய் இருக்கிறது.

என்றும் உங்கள்
ஜெசிதா


பாரிஸ் புறநகர்,
16.07.2025

என் மகளுக்கு,

அக்காவும் அத்தானும் நீயும் சுகமாக இருங்கள். எனக்கு இப்போது நெஞ்சு இலேசாக இருக்கிறது. அக்கா ஒழுங்கைக்கே வாசித்ததை நான் பஸ்ஸில் வைத்து வாசித்துச் சிரித்ததில், பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி எழும்பி வேறு கதிரைக்குப் போய்விட்டாள்.

விளக்குமாறு வந்து சேர்ந்தது. மாமா அதைத் தான் உடுக்கிற சாரத்துக்குள் சுற்றி, ஏதோ வீணை கொண்டுவந்ததுபோலக் கையில் தந்தார். லீவென்றாலும் சின்னதுகள் போன சனி வந்திருந்தன. உள்ளே சீமெந்துத் தரையில் ஈர்க்கு சரிவராது. அதனால் கட்டடத்துக்குப் பின்னால், சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற மணல் தொட்டிக்குக் கூட்டிப்போனேன். யார் கூட்டுவது என்று பிரெஞ்சில் சண்டை பிடித்து, தமிழில் என்னிடம் முறைப்பட்டார்கள். முறை வைத்துக் கூட்டினோம்.

கூட்டி முடிந்ததும் ஆரணி கேட்டாள், "இப்ப என்ன ரீச்சர்?"

நான் ஒரு ஈர்க்கை உருவி அவளிடம் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் எழுது பிள்ளை. மேல் மாடியையும் எழுது. அத்தான் என்ன சொன்னாலும் இமையை விட்டுவிடாதே, ஆரணி அந்த ஈர்க்கால் கீறிய அறக்குளாவுக்குக் கண்ணுக்கு மேலும் கீழும் இமை இருந்தது.

உன் றஜனி ரீச்சர்